கையடக்கக் கேமராவைக் கண்ட மெக்கானிக்: ஆஸ்கர் பர்னாக்



ஆண்டு மலர் என்றால் கவிதை இருக்கும், சிரிப்புத் துணுக்கு இருக்கும், சாதனையாளர் ஒருவரின் வரலாறும் கட்டாயம் இருக்கும். எடிசனையும் ஜேம்ஸ் வாட்டையும் பள்ளிக்கூடத்திலிருந்தே படித்து வருகிறோம். ஆகவே இந்த முறை வேறொருவரைப் பற்றி எழுத விரும்பினேன். அவர் பேராசிரியர் அல்ல, டாக்டர் பட்டம் வாங்கியவர் அல்ல. நம்மைப் போலவே வைஸில் இரும்பைக் கவ்வவைத்து, அரம் பிடித்து, பட்டறையில் தொழில் படித்தவர். பெயர் ஆஸ்கர் பர்னாக். உலகத்தின் புகைப்படக் கலையையே மாற்றிய லைக்கா கேமராவை உருவாக்கியவர். (லைக்கா என்றதும் சில பேருக்கு சினிமா கம்பெனி ஞாபகம் வரும். அது வேறு, இது வேறு!)

இன்னொரு காரணமும் உண்டு. நம் மாணவர் பேரவைக்குச் சின்ன டிஜிட்டல் கேமரா ஒன்று வாங்கலாம் என்று பேச்சு வந்தபோது, ஜூம் அதிகமா இருக்கணும் என்று ஒரு கட்சி, படம் பளிச்சுனு கூர்மையா இருக்கணும் என்று ஒரு கட்சி. இரண்டும் வேணும், பாக்கெட்டிலும் அடங்கணும் என்று மூன்றாவது கட்சி! இந்த விவாதம் புதுசு இல்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மனிதர் இதே கணக்கைப் போட்டு, முப்பது வருஷம் அதோடு மல்லுக்கட்டியிருக்கிறார். அவர் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் நம் கேள்விக்கும் பதில் கிடைக்கும்.

பட்டறையில் பிறந்த படிப்பு

1879 நவம்பர் 1ஆம் தேதி, ஜெர்மனியில் பெர்லினுக்குத் தெற்கே உள்ள லைனோ என்ற சின்னக் கிராமத்தில் பர்னாக் பிறந்தார். பிறகு குடும்பம் பெர்லினை ஒட்டிய லிக்டர்ஃபெல்டே பகுதிக்குக் குடிபெயர்ந்தது. பையனுக்கு ஓவியம் வரைவதில் ஆசை. இயற்கைக் காட்சிகளை வரையும் ஓவியராக வேண்டும் என்று கனவு. அப்பாவோ சோறு போடும் தொழில் ஒன்றைக் கற்றுக்கொள் என்று சொல்லிவிட்டார். நம்மில் எத்தனை பேர் வீட்டில் நடந்த கதை இது!

லிக்டர்ஃபெல்டேயில் வானியல் கருவிகள் செய்யும் ஒரு பட்டறையில் அப்ரெண்டிஸாகச் சேர்ந்தார். வானியல் கருவி என்றால் கொஞ்சமும் பிசகக் கூடாது. பல்சக்கரத்தில் தலைமுடி அளவு ஆட்டம் இருந்தால் தொலைநோக்கியில் நட்சத்திரம் ஓடிவிடும். அந்த நுட்பம் அந்த வயதிலேயே கையில் படிந்தது. தொழில் கற்று முடித்தவர்கள் ஊர் ஊராகப் போய் வெவ்வேறு பட்டறைகளில் வேலை பார்த்து அனுபவம் சேர்ப்பது அந்தக் கால ஜெர்மானிய வழக்கம். பர்னாக்கும் சாக்ஸனி, வியன்னா, டிரோல் என்று சுற்றினார். 1902 ஜனவரியில் யேனா நகரத்தில் கார்ல் ஸெய்ஸ் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார்.

ஸெய்ஸ் சாதாரண இடமா? எர்ன்ஸ்ட் அபே என்ற இயற்பியல் மேதை, ஒரு மைக்ரோஸ்கோப் எவ்வளவு நுண்ணியதைப் பிரித்துக் காட்ட முடியும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு என்று 1873லேயே கணக்குப் போட்டுக் காட்டிய இடம். லென்ஸைத் தேய்த்துத் தேய்த்துப் பார்ப்பது போய், கணக்குப் போட்டு லென்ஸ் செய்யும் முறை வளர்ந்த இடம். அங்கே எட்டு வருஷம் பர்னாக் மெக்கானிக்காக இருந்தார்.

மூச்சு வாங்கிய மலை ஏற்றம்

பர்னாக்குக்கு இரண்டு விஷயங்கள் சேர்ந்தே இருந்தன. ஒன்று, புகைப்பட மோகம். இன்னொன்று, ஆஸ்துமா. ஞாயிற்றுக்கிழமை வந்தால் துரிங்கியக் காட்டு மலைகளுக்குப் படம் எடுக்கக் கிளம்பிவிடுவார். அந்தக் காலக் கேமரா என்னவென்று நினைக்கிறீங்க? 13க்கு 18 செ.மீ. கண்ணாடித் தகடு போடும் மரப்பெட்டி. தோல் துருத்தி, முக்காலி, ஒவ்வொரு இரண்டு படத்துக்கும் ஒரு தகடு உறை. எல்லாம் கண்ணாடி, எல்லாம் கனம். நல்ல உடம்புக்காரனுக்கே மூச்சு வாங்கும். ஆஸ்துமாக்காரர் அதைத் தோளில் தூக்கிக்கொண்டு மலை ஏறினால் எப்படி இருந்திருக்கும்!

இங்கேதான் அவருடைய வாழ்நாள் கேள்வி பிறந்தது. கேமராவைச் சின்னதாக்க முடியாதா?

1905 வாக்கில் யேனாவிலேயே ஒரு முயற்சி செய்தார். ஒரே 13க்கு 18 தகட்டில் பதினைந்து இருபது சின்னப் படங்களைப் பக்கம் பக்கமாக எடுத்து, அவற்றைப் பெரிதாக்கிப் பார்த்தார். பலன் இல்லை. தகட்டின் மேல் பூசிய வெள்ளி உப்பின் துகள்கள் பெரிதாகத் தெரிந்தன. படம் சொரசொரவென்று மணலைக் கொட்டினாற்போல வந்தது. முயற்சி தோற்றது. ஆனால் ஒரு பாடம் மிச்சம். பெட்டியைச் சின்னதாக்குவது மர ஆசாரி வேலை. படத்தையும் சேர்த்துச் சின்னதாக்கும்போதுதான் உண்மையான கஷ்டம் ஆரம்பம்.

வெட்ஸ்லர் அழைத்தது

ஸெய்ஸில் அவரோடு வேலை பார்த்த எமில் மெக்காவ் என்பவர், சினிமா புரொஜெக்டரில் ஆராய்ச்சி செய்தவர். அவர் 1910இல் வெட்ஸ்லர் நகரத்தில் லைட்ஸ் நிறுவனத்துக்குப் போனார். லைட்ஸ், மைக்ரோஸ்கோப்புக்குப் பெயர் போன கம்பெனி. அங்கே பரிசோதனைப் பிரிவுக்கு நல்ல மெக்கானிக் தேவைப்பட்டபோது மெக்காவ் தன் நண்பரின் பெயரைச் சொன்னார்.

பர்னாக் தயங்கினார். அடிக்கடி உடம்பு சரியில்லாமல் படுத்துவிடுகிற ஆள் நான், உங்களுக்குப் பாரமாகிவிடுவேனே என்று மறைக்காமல் தெரிவித்தார். முதலாளி எர்ன்ஸ்ட் லைட்ஸ் அதைப் பொருட்படுத்தாமல் எடுத்துக்கொண்டார். 1911 ஜனவரியில் பர்னாக் வேலையில் சேர்ந்தார். மெடிக்கல் பிட்னஸ் என்ற ஒரே காரணத்தைச் சொல்லி அன்றைக்குக் கதவைச் சாத்தியிருந்தால், கேமராவின் சரித்திரம் வேறு மாதிரி போயிருக்கும். நண்பர்களே, இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

சினிமா பிலிமைத் திருப்பிப் போட்டார்

லைட்ஸில் அவர் செய்த வேலைகளில் ஒன்று சினிமா கேமரா. 35 மி.மீ. அகலப் பிலிமோடு பழக்கம் வந்தது. இந்தப் பிலிம் மேலிருந்து கீழே ஓடும். ஓரத்துத் துளைகள் போக, ஒரு பிரேமின் அளவு 18க்கு 24 மி.மீ. பர்னாக் என்ன செய்தார் தெரியுமா? பிலிமைப் படுக்கைவாக்கில் ஓடவிட்டார். இரண்டு பிரேமை ஒன்றாகச் சேர்த்தார். 24க்கு 36 மி.மீ. கிடைத்தது. இன்றைக்கு டிஜிட்டல் கேமராக்காரர்கள் ஃபுல் ஃபிரேம் என்று மரியாதையாகச் சொல்கிறார்களே, அதே அளவுதான்! ஒரு மெக்கானிக் பட்டறையில் எடுத்த முடிவு நூறு வருஷம் கழித்தும் அளவுகோலாக நிற்கிறது.

சினிமா பிலிமுக்கு எவ்வளவு நேரம் ஒளி கொடுக்க வேண்டும் என்று சோதிப்பதற்காகவே இந்தக் கருவியைச் செய்தார் என்பார்கள் சிலர். மலைக்குத் தூக்கிப் போகத்தான் என்பார்கள் சிலர். எதுவாயினும், 1914 மார்ச்சில் அவர் தன் வேலைக் குறிப்பேட்டில், சினிமா பிலிம் போடும் குட்டிக் கேமரா தயாராகிவிட்டது என்று பதிவு செய்திருக்கிறார். ரெக்கார்டு நோட்டு எழுதச் சொன்னால் முகம் சுளிக்கிறோமே, அந்த ஒரு வரிதான் இன்றைக்கு வரலாற்றுக்கு ஆதாரம்.

இப்போது கணக்குக்கு வருவோம். பழைய தகடு 130க்கு 180 மி.மீ. பரப்பு 23,400 சதுர மி.மீ. புதிய நெகடிவ் 24க்கு 36. பரப்பு வெறும் 864 சதுர மி.மீ. அதாவது 27இல் ஒரு பங்கு! பழைய தகட்டைப் பெரிதாக்கவே வேண்டாம். அப்படியே காகிதத்தில் ஒற்றி எடுத்துவிடலாம். புதிய நெகடிவிலிருந்து அதே அளவுப் படம் வேண்டுமானால் நீள வாக்கில் 5 மடங்கு பெரிதாக்க வேண்டும். படத்தை 5 மடங்கு பெரிதாக்கினால் என்ன ஆகும்? லென்ஸின் குறை 5 மடங்கு, கை நடுக்கம் 5 மடங்கு, பிலிமின் துகள் 5 மடங்கு, அதன்மேல் படிந்த தூசிகூட 5 மடங்கு.

சின்னதாக்கினால் கூர்மை குறையும். இது இயற்கை போட்ட விலை. பர்னாக் இந்த விலையைப் பேரம் பேசவில்லை. எங்கெங்கே எவ்வளவு கட்ட வேண்டும் என்று பிரித்துக் கட்டினார். அதுதான் அவருடைய பெருமை என்பது என் கருத்து.

ஒவ்வொரு பாகமும் பங்கு போட்டுக்கொண்டது

முதல் பங்கு லென்ஸுக்கு. கிடைத்த லென்ஸ்களைப் போட்டுப் பார்த்தார். சினிமா பிரேமுக்காகச் செய்த லென்ஸ், இரட்டைப் பிரேமின் மூலைவரை சரியாக எட்டாது. எனவே லைட்ஸின் கணித நிபுணர் மாக்ஸ் பெரெக், இந்த அளவுக்கென்றே 50 மி.மீ. குவியத் தூரம், எஃப் 3.5 துளை கொண்ட லென்ஸைக் கணக்கிட்டுக் கொடுத்தார். சாதாரணத் தகட்டுக் கேமராவில் ஒரு புள்ளி பத்தில் ஒரு மி.மீ. அளவு பரவினாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். லைக்காவுக்கு முப்பதில் ஒரு மி.மீ.தான் வரம்பு என்று வைத்துக்கொண்டார்கள். முதலில் ஐந்து கண்ணாடிகள், பிறகு நான்கே கண்ணாடிகளில் எல்மார் என்ற பெயரில் வந்த அந்த லென்ஸ் பல பத்தாண்டுகள் விற்பனையில் இருந்தது. வேலை முடிந்ததும் கேமராவுக்குள் தள்ளி மடக்கிவிடலாம். சட்டைப் பையில் அடங்கும் ரகசியம் அதுதான்.

இரண்டாம் பங்கு ஷட்டருக்கு. லென்ஸில் ஷட்டர் வைத்தால் லென்ஸ் பருத்துவிடும். பிலிமுக்கு நேர் முன்னால், துணித் திரையில் ஒரு பிளவு ஓடும்படி செய்தார். பிளவைக் குறுக்கினால் ஒளி நேரம் குறையும். 500இல் ஒரு விநாடி வரை போனது. கையில் பிடித்து எடுத்தாலும் நடுக்கம் தெரியாது.

மூன்றாவது, சாவி கொடுக்கும் முறை. ஒரே குமிழைத் திருப்பினால் பிலிமும் நகரும், ஷட்டரும் ஏறும். ஒரே இடத்தில் இரண்டு படம் விழுகிற தவறுக்கு வழியே இல்லை. இன்றைக்கு நாம் இண்டர்லாக் என்று படிக்கிறோமே, அதேதான். ஆனால் முதலில் செய்த மாதிரிகளில் ஒரு குறை இருந்தது. குமிழைத் திருப்பும்போது பிளவு திறந்தபடியே திரும்பும். ஆகவே ஒவ்வொரு தடவையும் லென்ஸை மூடியால் மூட வேண்டும். 1925இல் சந்தைக்கு வந்த மாடலில் இரண்டு திரைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூடிக்கொள்ளும்படி திருத்திவிட்டார்கள்.

நான்காவது, பெரிதாக்கும் கருவி. சின்ன நெகடிவை எடுப்பதோடு வேலை முடியவில்லை. அதைப் பெரிய படமாக்கும் என்லார்ஜரையும் லைட்ஸே செய்து விற்றது. ஆக, கேமரா ஒன்று மட்டுமில்லை. லென்ஸ், பிலிம், ஷட்டர், என்லார்ஜர் எல்லாம் சேர்ந்த ஒரு முழு அமைப்பு. ஒன்று சொதப்பினாலும் எல்லாம் வீண்.

போர், வெள்ளம், காகிதப் பணம்

கேமரா தயாராகி ஐந்தாவது மாதத்தில் முதல் உலகப் போர் வந்துவிட்டது. 1914 ஆகஸ்டில் வெட்ஸ்லர் தெருவில் போர் ஆணை ஒட்டப்பட்டபோது பர்னாக் தன் குட்டிக் கேமராவால் அதைப் படம் எடுத்தார். 1920இல் லான் ஆற்றில் வெள்ளம் வந்து ஊருக்குள் புகுந்தபோது, தெருத்தெருவாகப் போய் வரிசையாகப் படங்கள் எடுத்தார். முக்காலி நட்டு, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு எடுக்கிற கேமராவில் இது நடக்கிற காரியமா?

அதே 1920இல் பெரிய முதலாளி இறந்தார். மகன் இரண்டாம் எர்ன்ஸ்ட் லைட்ஸ் பொறுப்பேற்றார். 1923இல், கிட்டத்தட்ட இருபத்தைந்து கேமராக்களைக் கையாலேயே செய்து புகைப்படக்காரர்களிடம் கொடுத்துக் கருத்துக் கேட்டார்கள். கருத்துகள் கலவையாகத்தான் வந்தன. நெகடிவ் தபால்தலை மாதிரி இருக்கிறதே, இதை வைத்து என்ன செய்வது என்கிற சந்தேகம் பல பேருக்கு.

ஜெர்மனியின் நிலைமையோ படுமோசம். 1923 நவம்பரில் ஒரு அமெரிக்க டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க்! பணம் வெறும் காகிதம். மைக்ரோஸ்கோப் வியாபாரத்தை மட்டும் நம்பித் தொழிலாளிகளுக்கு வேலை கொடுக்க முடியுமா என்ற கவலை. இந்த நேரத்தில் யாருமே கேட்காத ஒரு புதுச் சாமானுக்கு ஜிக், டூல், மெஷின் என்று முதலீடு போடுவதா? 1924 ஜூனில் நீண்ட நேரம் கூட்டம் நடந்தது. எதிர்த்தவர்களும் இருந்தார்கள். எல்லோரும் பேசி முடித்த பிறகு லைட்ஸ், ஆபத்து என்றாலும் துணிந்து செய்வோம் என்று முடிவெடுத்தார்.

1925 வசந்த காலத்தில் லைப்ஸிக் கண்காட்சியில் லைக்கா அறிமுகமானது. லைட்ஸ் பெயரில் பாதி, கேமரா பெயரில் பாதி! அந்த அறிமுகத்துக்கு 2025இல் நூறு வயது நிறைந்தது.

எட்டாத தூரத்தை எட்டியது

முதல் லைக்காவில் ஒரே லென்ஸ். கழற்ற முடியாது. தூரத்தில் இருப்பதைக் கிட்டத்தில் காட்டு என்று ஜனங்கள் கேட்பார்கள் அல்லவா? 1930இல் லென்ஸைக் கழற்றி மாட்டும் மாடல் வந்தது. 39 மி.மீ. மரைதான் இணைப்பு. 35, 50, 135 மி.மீ. என்று லென்ஸ்கள்.

இங்கே மெக்கானிக்கல் மாணவர்கள் கவனிக்க! முதலில் ஒவ்வொரு லென்ஸையும் அந்தந்தக் கேமராவுக்கென்றே பார்த்துப் பொருத்திக் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு கேமராவின் லென்ஸ் இன்னொன்றில் சரியாக உட்காராது. 1931இல் லென்ஸ் அமரும் முகத்துக்கும் பிலிமுக்கும் இடைப்பட்ட தூரத்தை 28.8 மி.மீ. என்று நிலைப்படுத்தினார்கள். அதன் பிறகு எந்த லென்ஸும் எந்த உடம்புக்கும் பொருந்தியது. லிமிட்ஸ், ஃபிட்ஸ், டாலரன்ஸ் என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிறோமே, அதன் முழு அர்த்தம் இதில் இருக்கிறது.

1932இல் தூரமானியும் லென்ஸும் இணைந்த மாடல் வந்தது. கண்ணில் தெரியும் இரண்டு உருவமும் ஒன்றானால் ஃபோகஸ் சரி. 1935இல் 200 மி.மீ. லென்ஸ் வந்தபோதோ இந்தத் தூரமானி கை கொடுக்கவில்லை. கேமராவுக்கு முன்னால் கண்ணாடிப் பெட்டி ஒன்றை மாட்ட வேண்டியதாயிற்று. எட்டும் தூரம் கூடக் கூட, மூட்டையும் கூடிக்கொண்டே போனது பாருங்கள்!

1936 ஜனவரி 16ஆம் தேதி, பாட் நவ்ஹைம் என்ற ஊரில் பர்னாக் காலமானார். வயது 56. அவர் மறைந்த பின்னும் அந்தச் சின்னப் பெட்டி உலகம் சுற்றியது. பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே பிரெசோன், 1948 ஜனவரி 30 அன்று காந்தியடிகளைச் சந்தித்துப் படம் எடுத்ததும், அதன் பின் சிறிது நேரத்திலேயே நிகழ்ந்த கொடுமைக்குப் பிறகு டெல்லியின் கண்ணீரைப் படமாக்கியதும் லைக்காவால்தான். 1979இல், பர்னாக்கின் நூற்றாண்டில், அவர் பெயரில் புகைப்பட விருது ஒன்று ஏற்படுத்தப்பட்டது. அவர் சொந்தமாக வைத்திருந்த 105ஆம் எண் சோதனைக் கேமரா 2022 ஜூனில் 1 கோடியே 44 லட்சம் யூரோவுக்கு ஏலம் போனது.

பர்னாக் கணக்கில் இன்றைய கேமரா

சரி, நம்ம கேமராவுக்கு வருவோம். கடையில் 40 எக்ஸ், 30 எக்ஸ் என்று பெட்டியின் மேல் எழுதியிருப்பார்கள். முதலில் ஆப்டிகல் ஜூமா, டிஜிட்டல் ஜூமா என்று பாருங்கள். டிஜிட்டல் ஜூம் என்பது எடுத்த படத்தின் நடுவை வெட்டிப் பெரிதாக்குவது மட்டுமே. காசு கொடுத்து வாங்க அதில் ஒன்றுமில்லை.

அடுத்து, பர்னாக் கேட்டிருப்பாரே அந்தக் கேள்வி. பிலிம் எவ்வளவு பெரிசு? அதாவது சென்சார். நீண்ட ஜூம் உள்ள பாக்கெட் கேமராக்கள் பலவற்றில் சென்சார் ஏறக்குறைய 6.2க்கு 4.6 மி.மீ. பரப்பு 28 சதுர மி.மீ. லைக்கா நெகடிவில் 30இல் ஒரு பங்கு! பர்னாக் தகட்டிலிருந்து பிலிமுக்கு இறங்கியபோது 27இல் ஒரு பங்குக்கு இறங்கினார். நாம் அதற்குமேல் இன்னொரு முறை அதே உயரத்திலிருந்து குதித்திருக்கிறோம். ஒரு இஞ்ச் சென்சார் என்று சொல்வது 13.2க்கு 8.8 மி.மீ. பரப்பு 116. சின்னதைப்போல நாலு மடங்கு. (ஒரு இஞ்ச் என்பது பழைய வீடியோ குழாய் காலத்துப் பெயர். ஸ்கேலை வைத்து அளக்காதீங்க!)

இரண்டு கேமராக்களை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். 2018இல் வந்த கேனன் எஸ்.எக்ஸ்.740, சின்ன சென்சார், 4.3 முதல் 172 மி.மீ. வரை 40 மடங்கு ஜூம். லைக்கா கணக்கில் சொன்னால் 24 முதல் 960. முழு ஜூமில் துளை எஃப் 6.9. 2019இல் வந்த சோனி ஆர்.எக்ஸ்.100 ஏழாவது மாடல், ஒரு இஞ்ச் சென்சார், 9 முதல் 72 மி.மீ. வரை 8 மடங்கு. லைக்கா கணக்கில் 24 முதல் 200. முழு ஜூமில் எஃப் 4.5. இரண்டும் 20 மெகாபிக்ஸல்.

ஒளிக்கு விளிம்பு விளைவு உண்டு என்று பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் வரும். எவ்வளவு நல்ல லென்ஸானாலும் ஒரு புள்ளி புள்ளியாக விழாது. சின்ன வட்டமாகத்தான் விழும். அதன் விட்டம் 2.44 × அலைநீளம் × எஃப் எண். பச்சை ஒளிக்கு 0.55 மைக்ரான் என்று போடுங்கள். எஃப் 6.9க்கு வட்டம் 9.3 மைக்ரான். அந்தக் கேமராவில் ஒரு பிக்ஸலின் அகலம் 1.2 மைக்ரான். ஆக, ஒரு புள்ளி ஏழெட்டு பிக்ஸல் அகலத்துக்குப் பரவுகிறது! மற்றதில் வட்டம் 6 மைக்ரான், பிக்ஸல் 2.4 மைக்ரான். இரண்டரை பிக்ஸல்தான். படம் ஏன் பளிச்சென்று இருக்கிறது என்று இப்போது புரிகிறதா? மெகாபிக்ஸலை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

அதற்காக 40 எக்ஸ் ஏமாற்று வேலை என்று சொல்ல மாட்டேன். 172ஐ 6.9ஆல் வகுத்தால் லென்ஸின் திறப்பு 25 மி.மீ. 72ஐ 4.5ஆல் வகுத்தால் 16 மி.மீ. தூரத்துப் பொருளைப் பிரித்துக் காட்டுவதில் பெரிய திறப்புக்கே வெற்றி. ஏரியின் நடுவில் நிற்கும் கொக்கை நல்ல வெயிலில் எடுக்க வேண்டுமா? 200இல் எடுத்து 960 அளவுக்கு வெட்டினால் 20 மெகாபிக்ஸலில் ஒன்றுகூட மிஞ்சாது. அங்கே 40 எக்ஸ்தான் ஜெயிக்கும். ஆனால் சாயங்காலம், ஆடிட்டோரியம், கலை விழா மேடை என்றால் கதை தலைகீழ். சின்ன சென்சாருக்கு ஒளி போதாது. ஐ.எஸ்.ஓ.வை ஏற்ற வேண்டும். ஏற்றினால் 1905இல் பர்னாக் பார்த்த அதே மணல் படத்தில் வந்து நிற்கும்.

கை நடுக்கத்தையும் மறக்கக் கூடாது. குவியத் தூரம் எவ்வளவோ, விநாடியில் அத்தனையில் ஒரு பங்கு வேகம் வேண்டும் என்பது பழைய புகைப்படக்காரர்களின் வாய்ப்பாடு. 200க்கு 200இல் ஒரு விநாடி. 960க்கு 960இல் ஒரு விநாடி! நடுக்கம் தடுக்கும் ஸ்டெபிலைசேஷன் உதவும்தான். ஆனால் ஓடுகிறவனை அது நிறுத்தி வைக்காது. நம் கை ஆட்டத்தை மட்டுமே அது தடுக்கும்.

ஆகவே கடைக்குப் போகிறவர்கள் இதைச் செய்யலாம். ஒரு செய்தித்தாளைக் கடையின் கோடியில் ஒட்டச் சொல்லுங்கள். முழு ஜூம் வைத்து, ஃப்ளாஷ் இல்லாமல் எடுங்கள். நடுவில் உள்ள எழுத்தையும் மூலையில் உள்ள எழுத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டும் படிக்கிற மாதிரி இருந்தால் லென்ஸ் தேறிவிட்டது. பெட்டியின் மேல் எழுதியிருப்பதைவிட அது நம்பத் தகுந்த சாட்சி.

நம் பேரவைக்கு என் ஓட்டு எதற்கு என்று கேட்டால், ஒரு இஞ்ச் சென்சாருக்கே. வருஷத்தில் ஒரு நாள் விளையாட்டு விழா. மற்றதெல்லாம் வகுப்பறை, ஒர்க்ஷாப், மேடை, விடுதி நாள். எல்லாம் கூரைக்குக் கீழே நடப்பவை. விளையாட்டு விழாவுக்குக் கொஞ்சம் முன்னால் நகர்ந்து போனால் போயிற்று! காலும் ஒரு ஜூம்தானே. பறவை பார்க்கப் போகிற நண்பர்கள் 40 எக்ஸ் வாங்குங்கள். அது உங்கள் தேவைக்குச் சரியான கணக்கு.

நமக்கு என்ன பாடம்?

டிப்ளமோதானே என்று நம்மை நாமே குறைத்துப் பேசிக்கொள்வது நம்மிடம் ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. பர்னாக்கின் லென்ஸைக் கணக்கிட்டது படித்த நிபுணர் பெரெக். துணிந்து பணம் போட்டது முதலாளி லைட்ஸ். ஆனால் அந்தக் கணக்கும் அந்தப் பணமும் வந்து அமர ஓர் இடம் வேண்டுமே! அந்த 24க்கு 36 மி.மீ. சட்டத்தை வெட்டிக் கொடுத்தவர், மூச்சுத் திணறலோடு மலை ஏறிய ஒரு மெக்கானிக். தோளில் உறுத்திய பாரத்தை அவர் குறையாகச் சொல்லித் திரியவில்லை, அதை அளந்து பார்த்தார். அளந்ததால் விலை தெரிந்தது. விலை தெரிந்ததால் எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக் கூடாது என்று முடிவு செய்ய முடிந்தது.

நண்பர்களே, நாளைக்கு நாம் எந்த ஷாப் ஃப்ளோரில் நின்றாலும் நம் முன்னால் வரப்போகிற கேள்வி இதே ரகம்தான். சின்னதா இருக்கணும், பலமா இருக்கணும், மலிவா இருக்கணும் என்று மூன்றையும் சேர்த்துக் கேட்பார்கள். முடியாது என்று கையை விரிப்பது சுலபம். முடியும் என்று வாய்ச்சவடால் அடிப்பது அதைவிடச் சுலபம். எவ்வளவு முடியும், அதற்கு எங்கே விலை கொடுக்க வேண்டும் என்று காகிதத்தில் போட்டுக் காட்டுகிறவனே நல்ல டெக்னீஷியன். அந்தப் பழக்கத்தை இந்த மூன்று வருஷத்துக்குள் நாம் கற்றுக்கொண்டால் போதும்.

வாழ்க தொழிற்கல்வி! வளர்க நம் மாணவர் பேரவை!

மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை